"நல்லாத்தானே ஓடுது தம்பி"

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து என் சர்வீஸ் கடை மேசையில் வைத்தார். "எல்லாம் நல்லாத்தானே ஓடுது தம்பி, பேங்க் பக்கம் மட்டும் திறக்க மாட்டேங்குது. என்னன்னு பாருங்க" என்றார். ஆன் செய்தேன். திரையின் இடது மூலையில் அந்தப் பழைய வட்டப் பொத்தான் வந்தது. விண்டோஸ் 7. குரோமைத் திறந்து பதிப்பு எண் பார்த்தால் 109. அதற்கு மேல் அது ஏறவே ஏறாது. 2023 பிப்ரவரியில் 110 வந்தபோதே விண்டோஸ் 7-ஐயும் 8.1-ஐயும் கூகுள் கைகழுவிவிட்டது.

வங்கித் தளம் பழைய பிரவுசரைப் பார்த்துக் கதவைச் சாத்தியதில் தப்பே இல்லை. அதை அவரிடம் சொன்னபோது, "அப்போ மெஷின்ல கோளாறு இல்லைன்னு சொல்லுங்க" என்று சந்தோஷப்பட்டார். பிறகு ஒரு டீ குடித்துக்கொண்டே அரைமணி நேரம் பேச வேண்டியதாயிற்று. அவரிடம் பேசியதையும், இத்தனை வருடத்தில் இந்த மேசையில் நான் பட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

"சப்போர்ட் முடிந்துவிட்டது" என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. அதுதான் குழப்பமே. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, 8.1-க்கு 2023 ஜனவரி 10, இப்போது விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. மறுநாள் காலையிலும் இவை எல்லாமே ஆன் ஆகின. ஆனால் அன்றிலிருந்து கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. புதிய விண்டோஸில் பாதி பழைய விண்டோஸின் உடம்புதான். புதியதில் ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டால், எங்கே அடைத்தார்கள் என்று அதையே பிரித்துப் பார்த்து, பழையதில் அதே இடத்தில் திருடன் கைவைக்கலாம்.

2017-இல் வானாக்ரை என்ற வைரஸ், அடைக்காமல் விட்ட ஓர் ஓட்டை வழியாகத்தான் பரவியது. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-இல் அந்த ஓட்டையை அடைத்தது. மே 12-இல் வைரஸ் உலகத்தைச் சுற்ற ஆரம்பித்தது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் அப்பாயின்ட்மென்டுகளை ரத்து செய்யும் அளவுக்குப் போனது. அடி வாங்கியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அதாவது அன்றைக்கு சப்போர்ட் இருந்த மெஷின்கள். மருந்து வந்து இரண்டு மாதம் ஆகியும் பலர் போட்டுக்கொள்ளவில்லை. அப்டேட்டை அணைத்து வைத்திருந்தால் விண்டோஸ் 11-ம் எனக்கு எக்ஸ்பி மாதிரிதான்.

நம் ஊரில் அப்டேட் அணைந்திருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: திருட்டு விண்டோஸ். ஆக்டிவேட் செய்கிறேன் என்று ஒரு சின்ன புரோகிராமை ஓட விடுவார்கள். அது ஓட வேண்டுமென்றால் முதலில் ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும். வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முன்பின் தெரியாத ஆளை உள்ளே விடுகிற வேலை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஒரிஜினல் விண்டோஸ் 10 ஹோமோடு காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்பிலேயே யாரோ ஃபார்மட் செய்து, திருட்டு 'ப்ரோ' போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஒரிஜினல் சாவி அதே லேப்டாப்பின் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை புரோகிராமுக்குள், பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அதே ஹோம் பதிப்பை மறுபடி போட்டு நெட்டில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். வந்தவரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

சரி, மாற்றலாம் என்று முடிவெடுத்தால் என்ன போடுவது? விண்டோஸ் 11 எல்லா லேப்டாப்பிலும் ஏறாது. பொதுவாக இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, ஆன் ஆகும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். 4 ஜிபி என்பது காகிதக் கணக்கு. நான் 8-க்குக் குறைந்து போட்டுத் தருவதில்லை. போட்டால் அடுத்த வாரமே "தம்பி, ஸ்லோவா இருக்கு" என்று திரும்பி வருவார்கள்.

தகுதி உண்டா என்று பார்க்க மைக்ரோசாஃப்டே பிசி ஹெல்த் செக் என்ற சின்ன புரோகிராமைத் தருகிறது. அது "முடியாது" என்று சொன்னதும் லேப்டாப்பைப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். எட்டாம் தலைமுறை லேப்டாப்பையே அது நிராகரித்து நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டிபிஎம் உள்ளே இருக்கும், ஆனால் பயாஸில் அணைந்து கிடக்கும். இன்டெலில் அதற்குப் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அல்லது முன்பு விண்டோஸ் போட்டவர் பழைய லெகசி முறையில் போட்டிருப்பார். இரண்டையும் சரிசெய்ய முடியும். புதிதாக வாங்கச் சொல்வதற்கு முன் கடைக்காரர் இதைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

தகுதியே இல்லாத மெஷினில் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தரலாம். நானும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வருமென்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுக்கவில்லை. ரொம்பப் பழைய கோர் 2 டுவோ போன்றவற்றில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது, அந்த புராசஸரில் அதற்குத் தேவையான கட்டளைகளே கிடையாது. பாதுகாப்புக்காக மாற்றப் போய், பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லாத ஒன்றைப் போடுவானேன்?

விண்டோஸ் 10-இல் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய விட்டால் இலவசம். அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும். பதிவு செய்யாமல் தானாக வராது.

இதுவரை சொன்னதெல்லாம் இணையத்திலேயே கிடைக்கும். என் மேசையில் மனிதர்கள் அழுதது விண்டோஸ் ஏறாததற்காக அல்ல. ஃபைல் போனதற்காக.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அக்கா லேப்டாப் கொடுத்தார். "டி டிரைவ்லதான் எல்லாம் இருக்கு, சி டிரைவை அழிச்சிக்கோ" என்றார். அழித்தேன். விண்டோஸ் போட்டேன். சாயங்காலம் வாங்கிப் போனவர் இரவே போன் செய்தார். அவருடைய அப்பா இறப்பதற்கு முன் எடுத்த வீடியோக்கள் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கிற ஃபோல்டர் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு மூன்று நாள் தோண்டியதில் சில கிடைத்தன, பெயர் இல்லாமல், பாதியில் நிற்கிற வீடியோவாக. அதுவும் அன்றைக்கு இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க் என்பதால். இன்றைய எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை, அது அழித்த இடத்தைத் தானே துடைத்துக் காலி செய்துகொள்ளும். அதில் அழித்ததைப் பெரும்பாலும் மீட்கவே முடியாது.

டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் சி டிரைவில்தான். வாட்ஸ்ஆப்பிலிருந்து இறக்கிய ஆதார், பத்திர நகல் எல்லாம் டவுன்லோட்ஸில்தான் குவிந்து கிடக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும், ஸ்டிக்கி நோட்ஸில் எழுதி ஒட்டியதும், அவுட்லுக் மெயில்களும் பெரும்பாலும் இன்னும் ஆழத்தில், கண்ணுக்கு மறைத்த ஃபோல்டர்களில் இருக்கும். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் ஃபார்மட்டுக்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்ய, அதாவது அந்த மெஷினிலிருந்து விடுவிக்க வேண்டும். மறந்தால், கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில்தான் தெரியவரும், நம் ஊர் வழக்கப்படி.

தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு மட்டும் இன்னொரு வில்லங்கம் உண்டு. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில், செந்தமிழ் என்று எத்தனையோ எழுத்துருக்களில் அடித்துத் தள்ளினோம். 1999-இல் தமிழக அரசு டேம், டேப் என்று எழுத்துக் குறியீட்டுத் தரம் கொண்டுவந்தது, 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. ஆனால் வீட்டில் இருக்கிற பழைய ஃபைல் அரசாணை பார்த்து மாறாது. அந்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ். இல்லையென்றால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். ஃபைலை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை விட்டுவிடுவார்கள். சுலபமாகத் தவிர்க்கக்கூடிய நஷ்டம் இது. அந்த ஃபோல்டர் முழுவதையும் காப்பி செய்தாலே பெரும்பாலும் போதும்.

இத்தனையையும் ஒருவர் நினைவில் வைத்து, ஒன்று விடாமல் பேக்கப் எடுப்பார் என்று நான் நம்புவதில்லை. என்னையே நம்புவதில்லை. அதனால் சில வருடமாக ஒரே வழிதான். பழைய ஹார்டு டிஸ்க்கை நான் ஃபார்மட் செய்வதே கிடையாது. கழற்றி, பெயரும் தேதியும் எழுதி, வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுவேன். பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருந்தும் புதிய சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கச் சொல்லி, அதில் புதிதாக ஓஎஸ் (விண்டோஸ் மாதிரியான இயங்குதளம்) போட்டு, தேவையான ஃபைல்களைப் பழையதிலிருந்து இழுத்துக்கொள்வேன். எது விட்டுப்போனாலும் பழைய டிஸ்க்கில் அப்படியே இருக்கும். லேப்டாப்பின் வேகமும் கூடும், பல பழைய மெஷின்களை உண்மையில் இழுத்துப் பிடித்தது அந்தச் சுழலும் டிஸ்க்தான். செலவாகுமே என்பார்கள். ஆகும்தான். போன வீடியோவுக்கு நான் பட்ட மூன்று நாளை நினைத்துக்கொள்வேன்.

பழைய டிஸ்க்கில் கைவைக்குமுன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராமைப் போட்டு அதன் உடல்நிலை பார்ப்பது வழக்கம். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தால் வேறு எதுவும் செய்யாமல் முக்கியமான போட்டோக்களை முதலில் வெளியே எடுத்துவிடுவேன். சாகக் கிடக்கிற டிஸ்க்கின் மேலேயே புது விண்டோஸை ஏற்றுவது, முடியாத மனிதரை வீடு மாற்றச் சொல்லி மூட்டை தூக்க வைப்பது போல.

வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு: 10-இலிருந்து 11-க்கு ஃபைல்களை அழிக்காமலே அப்படியே ஏறலாம், பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் திரும்பி வரலாம். அப்போதும் பேக்கப் எடுத்தே ஆக வேண்டும். பழைய லேப்டாப்புக்குப் பேட்டரி செத்திருக்கும், சார்ஜர் உயிரில் ஓடிக்கொண்டிருக்கும். பாதியில் கரண்ட் போனால் கதை கந்தல். இன்வெர்ட்டர் இணைப்பில் செருகிச் செய்யுங்கள், அல்லது மின்தடை அறிவித்த நாளில் தொடாதீர்கள். புதிய விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். பிறகு பயாஸில் ஏதாவது மாறினால் 48 இலக்க எண் கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், கடைக்காரருடைய மெயில் ஐடியில் கணக்கு தொடங்க விடாதீர்கள்.

ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடையது மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். 11-க்குத் தகுதியில்லை. 10 போட்டால் அதுவும் முடிந்துபோனது, தவிர அடியில் ஒட்டியிருக்கிற விண்டோஸ் 7 சாவியை வைத்து 10-ஐ ஆக்டிவேட் செய்யும் வழியையும் மைக்ரோசாஃப்ட் 2023-இல் அடைத்துவிட்டது. "சார், நீங்க லேப்டாப்ல என்னெல்லாம் செய்றீங்க?" என்று கேட்டேன். மெயில், வங்கி, யூடியூபில் பட்டிமன்றம், கடிதம் டைப் செய்வது, பேரன் போட்டோ. டேலி இல்லை, வேறு விசேஷ சாஃப்ட்வேரும் இல்லை.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸ் லினக்ஸ் மின்ட் 22-ஐ பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினேன், எதையும் அழிக்காமல். பிரிண்டரையும் எடுத்துவரச் சொல்லி அதில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தோம். 2029 வரை அப்டேட் வரும், காசு இல்லை என்றேன். "ஓசியில வர்றது எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்றார். அடியில் ஒரிஜினல் சாவி இருந்தும், சார் ஓட்டிக்கொண்டிருந்த விண்டோஸ் 7-ம் ஓசிதான், லோடர் என்ற திருட்டு ஆக்டிவேட் புரோகிராம் போட்டது, அதை நான் சொல்லவில்லை. எஸ்எஸ்டி மாற்றி, ரேமை 8 ஜிபி ஆக்கி, மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். பழைய டிஸ்க்கை அதே மஞ்சள் பையில் வைத்து, "ஒரு மாசத்துக்கு இதைத் தொடாதீங்க சார்" என்றேன்.

மூன்றாவது வாரம் போன். அவர் பணியிலிருந்தபோது தயாரித்த இலக்கணக் குறிப்புகள் நாற்பது ஐம்பது பக்கம், திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறதாம். ஃபைலை நான் காப்பி செய்துவிட்டேன், ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மறந்துவிட்டேன். மேலே இத்தனை பேசிய நானேதான். பழைய டிஸ்க்கை எடுத்துவரச் சொன்னேன். பாமினியை அதிலிருந்து எடுத்து லினக்ஸில் போட்டதும் புணர்ச்சி விதிகள் அத்தனையும் வரிசையாக எழுந்து நின்றன.

டிஸ்க்கை இப்போது அழித்துத் தரட்டுமா, போட்டோ போட்டுவைக்க உதவுமே என்று கேட்டேன். வேண்டாம் என்று பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.