இமாம் மயங்கியது ருசியாலா, எண்ணெயாலா?

'இமாம் பயில்டி' என்றால் துருக்கிய மொழியில் 'இமாம் மயங்கி விழுந்தார்' என்று அர்த்தம். சாப்பாட்டுக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா என்றால், வைத்திருக்கிறார்கள். முழுக் கத்தரிக்காயை முதலில் பொரித்துக் கீறி, வதக்கிய வெங்காயம், பூண்டு, தக்காளியைத் திணித்து, ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைப்பதுதான் சங்கதி. அவர் ருசி தாங்காமல் மயங்கினார் என்பது ஒரு கதை, மனைவி ஊற்றித் தீர்த்த எண்ணெயின் கணக்கைக் கேட்டு மயங்கினார் என்பது இன்னொன்று. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

கத்தரிக்காயின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஆனாலும் தண்ணீரில் போட்டால் மிதக்கும், ஏனென்றால் அதன் சதையில் செல்களுக்கு நடுவே அவ்வளவு காற்று இருக்கிறது. சூடான எண்ணெயில் போட்டதும் காற்று இருந்த இடத்திலெல்லாம் எண்ணெய் புகுந்துகொள்ளும். வாணலி வறண்டுவிட்டதே என்று நாம் இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம், அதையும் குடிக்கும். கொஞ்சம் பொறுத்தால் சூட்டில் செல்கள் தளர்ந்து சதை அமுங்கி, குடித்ததில் ஒரு பங்கைத் தானே கக்கிவிடும். யார் பொறுக்கிறார்கள்!

துருக்கிச் சமையலில் தோலைப் பட்டை பட்டையாகச் சீவிவிட்டு, காயை உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போல ஊறப்போடுவது வழக்கம். கசப்பு போவதற்கு என்பார்கள். இப்போது கடையில் வரும் காய்களில் கசப்பே பெரிதாக இல்லை, அதனால் அந்தக் காரணம் எனக்கு அவ்வளவு எடுபடவில்லை. உண்மையான லாபம் வேறு: உப்பு செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்க, விறைப்பு போய்ச் சதை கொஞ்சம் துவண்டுவிடுகிறது, காற்றறைகள் சுருங்குகின்றன, எண்ணெய் புக இடம் குறைகிறது. அறுத்த காய் கறுப்பதும் தள்ளிப்போகும். சதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் ஒரு நொதியின் உதவியோடு ஆக்சிஜனுடன் சேர்வதுதான் அந்தக் கறுப்பு, தண்ணீருக்குள் கிடக்கும் காய்க்கு அவ்வளவு காற்று கிடைப்பதில்லை.

சரி, ஏன் காயை முதலில் தனியாகப் பொரித்துவிட்டு அப்புறம் தக்காளியைத் திணிக்க வேண்டும்? செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின். அது சூட்டில் கரைந்தால்தான் காய் வெண்ணெய் மாதிரி குழையும். புளிப்பு இருந்தால் பெக்டின் லேசில் கரையாது. காய் பச்சையாக இருக்கும்போதே தக்காளியோடு போட்டால் எவ்வளவு நேரம் வெந்தாலும் நடுவில் ஒரு ரப்பர்த்தன்மை மிஞ்சும். நம் எண்ணெய்க் கத்தரிக்காயிலும் காயை வதக்கிய பிறகுதானே புளிக்கரைசல் ஊற்றுகிறோம், அதே கதைதான்.

இதே கத்தரிக்காயில் கொத்துக்கறி வைத்தால் அதன் பெயர் 'கார்னியாரிக்', வயிறு பிளந்தது என்று பொருள். அதைச் சுடச்சுடச் சாப்பிட்டாக வேண்டும், ஆறினால் கறிக்கொழுப்பு உறைந்து நாக்கில் மெழுகுபோல ஒட்டும். ஆலிவ் எண்ணெய் அறைச்சூட்டிலும் திரவமாகவே இருப்பதால் இமாம் பயில்டியை ஆறவைத்துத்தான் பரிமாறுகிறார்கள். ஆறும்போது சதைக்குள் இருக்கும் நீராவி நீராக மாறிச் சுருங்க, அந்த இடத்துக்குத் தட்டில் நிற்கும் சாறும் எண்ணெயும் உள்ளே இழுபடும், அதனால் மறுநாள் இன்னும் ருசி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் எண்ணெய் கலங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சற்று நேரம் வெளியே வைத்தால் தெளிந்துவிடும்.