அபண்டன்ஸ்: மிகுதியா, இருப்பளவா?

"சூரியனில் லித்தியத்தின் மிகுதி மிகவும் குறைவு." அறிவியல் கட்டுரைகளில் இந்த மாதிரி வாக்கியம் ஓயாமல் வருகிறது. குறைவாக இருப்பதற்கு மிகுதி என்று ஏன் பெயர் என்று ஒரு மாணவர் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

இலத்தீனில் 'உண்டா' என்றால் அலை. கரை மீறி வழிவது என்ற பொருளில் பிறந்து, ஏராளம் என்று ஆனது 'அபண்டன்ஸ்' (abundance) என்னும் ஆங்கிலச் சொல். பொது அகராதியில் இருந்த அந்தப் பொருளை அப்படியே எடுத்துத் 'தனிம மிகுதி' என்று வைத்துவிட்டார்கள். வேதியியலிலோ அது வெறும் எண்: ஒரு தனிமம் இன்னொன்றை ஒப்பிட எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும்.

அந்த எண் பிறக்கும் இடத்தைப் பார்த்தால் இது விளங்கும். சூரியக் குடும்பத்தின் தனிமக் கலவைக்குச் சிஐ காண்ட்ரைட் என்னும் அரிய விண்கற்களைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள். 1864 மே 14 அன்று பிரான்சில் விழுந்த ஓர்கெய் அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது. அதன் 100 மில்லிகிராம் தூளில் ஏறத்தாழ 18.5 மில்லிகிராம் இரும்பு, 10.7 மில்லிகிராம் சிலிக்கான். ஐந்தில் ஒரு பங்கு நீர். சூடாக்கி 10 மில்லிகிராம் நீர் போனால் இரும்பு 18.5 சதவீதத்திலிருந்து 20.6 ஆகிவிடும், கல்லில் ஓர் இரும்பணுகூடக் கூடவில்லை. அதனால்தான் சதவீதத்தை விட்டுவிட்டு, 10 லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு எத்தனை என்று எண்ணுகிறார்கள். எடையை அணு எடையால் வகுத்தால் இரும்பு சுமார் 8.7 லட்சம். ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் இது மாறாது. ஓர்கெய் கல்லோ காட்சியகத்திலேயே காற்றின் ஈரத்தைக் குடித்து வெள்ளைச் சல்பேட் நரம்புகள் ஓடிய கல்.

இதே அளவுகோலில் தங்கம் சுமார் 0.19. ஓர் அணுகூட முழுதாக இல்லை. இதற்கும் பட்டியலின் தலைப்பு 'மிகுதி'!

இந்த விகிதத்தில் கீழே நிற்கும் சிலிக்கானைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு. கல்லைக் கரைக்க ஹைட்ரோபுளோரிக் அமிலம் ஊற்றித் திறந்த கலனில் சூடேற்றினால், சிலிக்கான் டெட்ராபுளோரைடு வாயுவாகச் சிலிக்கான் பறந்துவிடும். அதைத் தனித் தூளில், காரத்தோடு உருக்கி அளக்க வேண்டும். தூளும் போதிய அளவு எடுத்து அரைத்ததாக இருக்க வேண்டும். சின்னத் துணுக்கில் ஒரு கார்பனேட் மணி கூடுதலாக மாட்டினால் கால்சியம் எகிறிவிடும்.

மாற்றாகச் சிலர் 'செறிவு' என்கிறார்கள். செறிவு என்றால் மொத்தத்தில் எத்தனை பங்கு. மேலே ஈரத்தால் மாறிய 18.5 சதவீதம்தான் செறிவு. மாறாத எண்ணுக்கும் அதே பெயர் வைத்தால் இரண்டையும் பிரித்துக் காட்ட வழியே இல்லை. 'வளம்' தோண்டி எடுக்கும் கனிமத்துக்குச் சரி. 'பரம்பல்' எங்கெங்கே என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. 'மிகுதி'யோ எல்லாவற்றிலும் மோசம். மிகு என்ற வேரே அளவை மீறுவது. பேச்சில் மிச்சம் என்ற பொருளும் உண்டு. ஒரு தனிமம் உண்மையிலேயே எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தால் அப்போது என்ன எழுதுவார்கள், மிகுதியின் மிகுதி என்றா?

இருப்பளவு என்பதே பொருத்தம். கையிருப்பு, இருப்புக் கணக்கு என்று நாளும் புழங்கும் சொல். இருப்பு கூடும், குறையும், ஒன்றுமில்லாமலும் போகும். எந்தப் பக்கமும் சாயாது. மிகையிருப்பு, இருப்புக்குறைவு என்று இணைச்சொற்களும் தானாகக் கிடைக்கின்றன. மொழிபெயர்ப்பவர் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடாமல், பட்டியலில் உள்ள எண்ணையும் அதன் அலகையும் ஒருமுறை பார்த்திருந்தால் 'மிகுதி' வந்தே இருக்காது.

லித்திய வாக்கியத்தை இப்படி எழுதலாம்: "சூரியனின் மேற்பரப்பில் லித்தியத்தின் இருப்பளவு, விண்கற்களில் உள்ளதைவிடச் சுமார் 150 மடங்கு குறைவு, சூரியன் தன் ஆழத்தில் அதை எரித்துவிட்டது. ஆகவே தொடக்ககால லித்தியத்துக்கு விண்கல் எண்ணையே எடுக்க வேண்டும். கல்லில் தங்காமல் போன ஹைட்ரஜன், ஹீலியம் இருப்பளவுகளுக்குச் சூரியனிடம்தான் போக வேண்டும்."