அணைக்கு எதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை?

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார்கள். அமெரிக்க ஆறுகளையும் நீர்மின் அணைகளையும் பற்றிய நீளமான கட்டுரை. மூன்றாம் பக்கத்தில் ‘அரசின் தண்ணீர் தரச் சான்றிதழ் இல்லாமல் அணைக்கு உரிமம் கிடையாது’ என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, அணைத் தண்ணியையும் கேன்ல அடைச்சு விக்கிறாங்களா?” என்றான். சமையலறை வாசலில் நின்ற இருபது லிட்டர் கேனையும் அதில் ஒட்டியிருந்த ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் காட்டினான்.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. ‘தரச் சான்றிதழ்’ என்று எழுதினால் தமிழ் வாசகன் கண்முன் அந்த ஒட்டுத்தாள்தான் வரும். இந்தத் தொடரை நான் பார்ப்பது இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் தனியார் ஒருவர் ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்க உரிமம் தருவது கூட்டரசு, அதாவது அங்கத்திய மத்திய அரசு, வைத்திருக்கும் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம். உரிமம் பொதுவாக 30 முதல் 50 ஆண்டு வரை ஓடும். ஆனால் 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தில் 401-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அணையிலிருந்து ஆற்றில் இறங்கும் நீர் தன்னுடைய நீர்த்தர விதிகளுக்குப் பொருந்தி வரும் என்று அந்த மாநிலம் சொன்ன பிறகுதான் ஆணையம் உரிமம் தர முடியும். மாநிலம் அதைச் சொல்லலாம், நிபந்தனை போட்டுச் சொல்லலாம், மறுக்கலாம், அல்லது பேசாமல் இருந்து உரிமையைக் கோட்டை விடலாம். போட்ட நிபந்தனை உரிமத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆணையத்துக்குப் பிடிக்காவிட்டாலும் அதை அடித்துவிட முடியாது.

இந்தச் செயலுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ‘செர்டிஃபிகேஷன்’ என்ற சொல்லின் வேர் லத்தீன். ‘செர்ட்டுஸ்’ என்றால் உறுதியானது, ‘ஃபாக்கெரே’ என்றால் செய்வது. உறுதியாக்குதல், அவ்வளவுதான். அதில் தாளும் இல்லை, முத்திரையும் இல்லை.

நம் ‘சான்று’ வேறு வழியில் வந்தது. சால் என்பது வேர்: நிறைதல், போதுமானதாக இருத்தல். சான்றோர், சான்றாண்மை எல்லாம் அந்தக் குடும்பம். குறளில் ‘இந்திரனே சாலுங் கரி’ என்று வருகிறதே, அங்கே சாட்சிக்கு உரிய சொல் கரி. ‘சாலும்’ என்பது ‘போதும்’ என்று பக்கத்தில் நிற்கிறது. இன்று கரி அடுப்புக்குப் போய்விட்டது, சாட்சி வேலையைச் சான்று எடுத்துக்கொண்டது. இதழ் என்பது ஏடு. சான்றிதழ் என்றால் சாட்சி சொல்லும் தாள். பிறப்புக்கும் சாதிக்கும் வருமானத்துக்கும் அது பொருத்தமான சொல். நடந்ததை, இருப்பதை அது சொல்கிறது. 401-ஆம் பிரிவில் மாநிலம் பேசுவது இனி ஐம்பது வருடம் ஓடப்போகிற தண்ணீரைப் பற்றி. ஓடாத தண்ணீருக்கு யார் சாட்சி சொல்வது?

இந்தக் குறையை உணர்ந்த ஒரு நண்பர் ‘தடையில்லாச் சான்று’ என்று எழுதுகிறார். எல்லாருக்கும் தெரிந்த சொல், படித்ததும் புரியும் என்பது அவர் வாதம். புரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புரிவது வேறொன்று. தடையில்லாச் சான்று எப்படி வரும் என்று நமக்குத் தெரியும். தீயணைப்புத் துறைக்கு ஒரு மனு, நகராட்சிக்கு ஒரு மனு, கோப்பு மேசை மேசையாக நகரும், கடைசியில் ‘எமக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி. அந்த வரியோடு அந்த அலுவலகத்தின் வேலை முடிந்தது. 401-இல் மாநிலத்தின் வேலை அந்த வரியில்தான் தொடங்குகிறது. கோடையில் ஆற்றில் குறைந்தபட்சம் இவ்வளவு தண்ணீர் விட வேண்டும், கரைந்த ஆக்சிஜன் இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது, மீன் ஏறிப்போக வழி விட வேண்டும் என்றெல்லாம் அது எழுதுகிறது. உரிமம் ஓடும் காலம் முழுக்க அது அணைக்காரர் கழுத்தில் இருக்கும். இதைப் போய்த் ‘தடை இல்லை’ என்று சொன்னால், மருமகளுக்குப் பத்துக் கட்டளை போட்ட மாமியாரைப் பார்த்து ‘அவங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை’ என்று சொல்வது போல இருக்கிறது.

அதைவிட ‘அரசின்’ என்ற சொல்தான் எனக்கு எரிச்சலைத் தருகிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்டேட்’ என்றால் இரண்டும்தான், ஆனால் இங்கே அது அரசு இல்லை, மாநிலம். இந்த வேறுபாடு போனால் கதையே போய்விடும். 1990-இல் கலிபோர்னியா தன் சொந்தத் தண்ணீர்ச் சட்டத்தை வைத்து ஒரு சிறு நீர்மின் திட்டத்துக்கு ஆணையம் சொன்னதைவிடக் கூடுதலான குறைந்தபட்ச நீரோட்டத்தைக் கேட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, அணை உரிமத்தில் கூட்டரசின் சொல்தான் எடுபடும் என்று தள்ளிவிட்டது. நாலு வருடம் கழித்து, 1994-இல், வாஷிங்டன் மாநிலம் டோசிவாலிப்ஸ் ஆற்றுத் திட்டத்துக்கு ஏறத்தாழ அதே கோரிக்கையை வைத்தது: சால்மன் மீனுக்காகப் பருவத்தைப் பொறுத்து வினாடிக்கு 100 முதல் 200 கன அடி விட வேண்டும். இந்தத் தடவை கேட்டது 401-ஆம் பிரிவின் வழியாக. ‘இது நீரின் அளவு, தரம் அல்லவே’ என்று திட்டக்காரர்கள் வாதாடினார்கள். அளவு வேறு தரம் வேறு என்பது செயற்கையான பிரிவினை என்று நீதிமன்றம் சொன்னது. 7-க்கு 2 என்ற கணக்கில் மாநிலம் ஜெயித்தது. தண்ணீரே இல்லாத ஆற்றில் எந்தத் தரத்தைப் பார்ப்பது? ஆக மாநிலத்தின் கையில் இருக்கும் கோல் இந்த ஒரு பிரிவுதான். அதை ‘அரசுச் சான்றிதழ்’ என்று எழுதுகிறவர், யாருக்கும் யாருக்கும் இடையே சண்டை என்பதையே மறைத்துவிடுகிறார். (‘தரம்’ தமிழா என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அது இன்னொரு நாளைக்கு.)

சரி, எந்தச் சொல்தான் வேண்டும் என்கிறீர்களா? ‘நீர்த்தர இசைவு’. புதிதாக நான் ஒன்றும் உருவாக்கவில்லை. ஆலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருவதை இசைவு என்றும் இசைவாணை என்றும் தமிழில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தச் சட்டம் வேறு, இது வேறு, ஆனால் நிபந்தனையோடு சேர்ந்து வரும் சம்மதம் என்கிற வாசனை அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஏறியிருக்கிறது. எனக்குப் பிடித்த காரணம் இன்னொன்று. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல் இரண்டும்தான். நீர் விதியோடு இசைய வேண்டும்; மாநிலம் திட்டத்துக்கு இசைய வேண்டும். அந்தப் பிரிவு கேட்கும் இரண்டு வேலையையும் ஒரே சொல் செய்கிறது. ஆங்கிலச் சொல்லால்கூட அது முடியவில்லை.

‘உறுதிச்சான்று’ என்று எழுதலாமே என்று ஒரு தனித்தமிழ் அன்பர் கேட்டார். வேருக்கு நெருக்கம்தான். ஆனால் ‘உறுதிச்சான்று மறுக்கப்பட்டது’ என்றால் ஏதோ காகிதம் கிடைக்கவில்லை என்றுதான் தோன்றும். ‘மாநிலம் இசைய மறுத்தது’ என்றால் மறுத்தது யார் என்பது தெரிகிறது.

மொழிபெயர்ப்பில் இதோடு விட்டார்களா? கிளாமத் ஆறு பற்றிய பகுதியில் ‘சான்றிதழ் தள்ளுபடி ஆனது’ என்று ஒரு வரி. தமிழில் கடன் தள்ளுபடி என்றால் கொண்டாட்டம், மனு தள்ளுபடி என்றால் சோகம். இது எந்தத் தள்ளுபடி? இரண்டும் இல்லை. கலிபோர்னியாவும் ஓரிகனும் கிளாமத் அணைகள் பற்றி ஓராண்டுக்குள் முடிவு சொல்லியிருக்க வேண்டும். சட்டம் தரும் கெடு அவ்வளவுதான். ஆனால் அணை நிறுவனம் வருடா வருடம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று அதையே மறுபடியும் கொடுக்கும். கெடு முதலிலிருந்து ஓடும். பத்து வருடத்துக்கு மேல் இந்த விளையாட்டு, மாநிலங்களின் சம்மதத்தோடேயே நடந்தது. ஹூப்பா பழங்குடியினர் வழக்குப் போட்டார்கள். 2019-இல் வாஷிங்டன் டி.சி. வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி இழுத்தடித்ததால் மாநிலங்கள் தங்கள் உரிமையை இழந்துவிட்டன என்றது. ஆங்கிலத்தில் ‘வெய்வர்’ என்பது இதைத்தான். அதற்குத் தமிழில் ‘உரிமையிழப்பு’ என்று நேராகச் சொல்லலாம். ‘விலக்கு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். விலக்கு என்பது ஒருவர் மனமுவந்து தருவது. கெடு தாண்டிப் பறிபோனதை அப்படிச் சொன்னால் மாநிலம் தாராளமாக நடந்துகொண்டது போல ஆகிவிடும்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ‘கழிவுநீர் வெளியேற்றம்’. 401-ஆம் பிரிவு பேசுவது வெறும் வெளியேற்றம். அகராதிப் பழக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் முன்னால் ஒரு ‘கழிவு’ சேர்த்துவிட்டார். மெய்ன் மாநிலத்தில் பிரசம்ப்ஸ்காட் என்ற ஆற்றில் ஒரு காகித நிறுவனத்துக்கு ஐந்து நீர்மின் அணைகள் இருந்தன. தண்ணீரைக் கால்வாயில் திருப்பி, டர்பைனில் விழவைத்து, மறுபடியும் ஆற்றில் விடும். இடையில் ஆற்றின் ஒரு பகுதி வறண்டு கிடக்கும். குறைந்தபட்ச நீரோட்டம் வேண்டும், மீனும் விலாங்கும் போக வழி வேண்டும் என்றது மெய்ன். ‘நாங்கள் தண்ணீரில் எதையும் சேர்க்கவில்லை, ஆற்று நீரை ஆற்றிலேயே விடுகிறோம், இது எப்படி வெளியேற்றம்?’ என்றது நிறுவனம். 2006-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி சூட்டர் எழுதிய தீர்ப்பு நேராக அகராதியைத் திறந்தது. ஹட்சன் ஆறு தன் நீரை விரிகுடாவில் சேர்க்கிறது என்ற எடுத்துக்காட்டை எடுத்துப் போட்டு, வெளியே பாய்ந்தாலே வெளியேற்றம்தான், மாசு சேர்ந்திருக்க வேண்டியதில்லை என்றது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவு. அதாவது, வெளியேற்றம் என்று சொல்ல மாசு சேர்ந்திருக்க வேண்டுமா வேண்டாமா என்பதுதான் வழக்கே. அதைப் பற்றிய பத்திக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்த தலைப்பு: ‘அணையின் கழிவுநீர் வழக்கு’. ஒன்பது நீதிபதிகளிடமும் தோற்ற நிறுவனத்தைத் தமிழில் தலைப்பிலேயே ஜெயிக்க வைத்துவிட்டார். கழிவு இருந்தால்தானே வெளியேற்றம் என்பதுதான் அந்த நிறுவனத்தின் வாதம்.

சிவப்பு மையில் எல்லாவற்றையும் அடித்து அனுப்பினேன். திரும்பி வந்த படியில் ‘இசைவு’ ஏறியிருந்தது, ‘கழிவு’ போயிருந்தது. பக்கத்தோடு ஒரு படமும் சேர்த்திருந்தார்கள்: கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர், ஓரத்தில் ஒரு பச்சை ‘டிக்’.