வைன்: முந்திரிகைத் தேறல்

முந்திரிகை, அதாவது திராட்சை, அதன் சாறு நொதித்து, காய்ச்சி வடிக்கப்படாமல், தெளிந்து வரும் மது வைன். இலத்தீனில் ‘வீனும்’, ஆங்கிலம் வழியாக எங்களிடம் வந்தது. அதன் உறவுச் சொல்லொன்று போர்த்துக்கேயரோடு முன்னமே எங்கள் குசினிக்குள் புகுந்துவிட்டது. அதுதான் வினாகிரி. போர்த்துக்கேய மொழியில் அதற்குப் புளித்த வைன் என்று பொருள். நாங்கள் அதைக் கள்ளிலிருந்து எடுத்தாலும் பெயர் மாறவில்லை.

‘திராட்சரசம்’ வேதாகம வழக்கு. ஆனால் கடையில் ரசமென்றால் நொதிக்காத சாறு. யாழ்ப்பாணத்துத் தோலகட்டி செபமாலைத் தாசர் மடத்தின் நெல்லி ரசத்தைப் பிள்ளைகளுக்கும் கரைத்துக் கொடுக்கலாம். அதே மடத்தின் வைனைக் கொடுக்கமுடியாது. இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

பொருத்தமான சொல் தேறல். தேறுதல் என்றால் தெளிதல். ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறது புறநானூறு 56. கப்பலில் வந்த மதுவுக்கே அன்று தமிழ்ப்பெயர் இருந்தது. யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் கொடியில் காய்ப்பது, மற்றது மரமுந்திரிகை. ஆகவே முந்திரிகைத் தேறல். வெளியூர் வாசகருக்குக் கொடிமுந்திரித் தேறல்.

தொழிலும் இந்தச் சொல்லுக்கே சான்று. நொதித்து முடிந்ததும் சாறு கலங்கலாக நிற்கும். சில கிழமைகளில் மண்டி அடியில் படியும். அதைக் கலக்காமல் மேற்தெளிவை மட்டும் குழாயால் வேறு கலத்துக்கு இறக்குவார்கள். தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யவேண்டும். மண்டியில் கனநாள் கிடந்தால் அழுகிய முட்டை மணம் ஏறும். கலம் அரைகுறையாக நின்றால் காற்றுப் பட்டு, பக்றீரியா மதுசாரத்தை வினாகிரியாக்கிவிடும். அதனால் கலத்தை வாய்வரை நிரப்பவேண்டும்.

லீற்றருக்கு ஏறக்குறைய 17 கிராம் சீனி நொதித்தால் 1 சதவீத மதுசாரம். 12 சதவீதத்துக்கு 200 கிராமுக்குச் சற்றுக் கூட வேண்டும். எங்கள் தோட்டங்களின் ‘இஸ்ரேல் புளூ’ தின்பதற்கான பழம். வைனுக்கென்றே வளர்க்கும் இனங்களின் இனிப்பு அதில் இல்லை, சீனி சேர்க்கத்தான் வேண்டும். பெரிய தடை வெக்கை. நொதிக்கும்போது சாறு தானாகவே சூடேறும். 35 பாகை தாண்டினால், நொதிக்கவைக்கும் மதுவம் (யீஸ்ட்) சோர்ந்து, சீனி முழுதும் நொதிக்காமல் பாதியில் நின்றுவிடும். உள்ளூரில் ஆலை தொடங்குபவர் முதலில் பணம் போடவேண்டியது குளிரூட்டலுக்கு. மதுவரித் திணைக்கள அனுமதியில்லாமல் செய்வது குற்றம்.

போத்தல் சிட்டையிலுள்ள ‘ட்ரை’யை ‘உலர்’ என்று பெயர்ப்பது பிழை. இனிப்பற்றது என்பதே பொருள். ‘டனின்’ பழத்தோலும் விதையும் தரும் துவர்ப்பு. துவர்ப்பும் மதுசாரமும் கூடிய சிவப்பு வைன், நண்டுக்கறியின் உறைப்பை இன்னும் எரியவைக்கும். அதற்கு, குளிரவைத்த, சற்று இனிப்பான வெள்ளைத் தேறலே பொருந்தும்.