எலி காலைத் தூக்கினால் வலி என்று அர்த்தமா?

நரம்பு வலிக்குக் கஞ்சா கேட்குமா என்று எலியிடம் சோதிக்க, முதலில் எலிக்கு அந்த வலி வர வேண்டும். பென்னட், ஷியே என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. தொடையில் ஓடும் சியாட்டிக் நரம்பைச் சுற்றி நான்கு இடங்களில் குடல்நூலால் தளர்வாகக் கட்டுவார்கள். நரம்பு வீங்கி அந்தக் கட்டுக்குள் நெரிபடும். சில நாட்களில், லேசாகத் தொட்டாலே எலி காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். சர்க்கரை நோயால் பாத நரம்பு கெட்டவர்களில் சிலருக்குப் போர்வை பட்டாலே எரியுமே, கிட்டத்தட்ட அதே நிலை.

இனி அளவீடு. எலியைக் கம்பிவலைமேல் விட்டு, கீழிருந்து நைலான் இழையால் பாதத்தைக் குத்துவார்கள். ஒவ்வொரு இழையும் குறிப்பிட்ட விசையில்தான் வளையும். முன்பு 2 கிராம் இழைக்கே காலைத் தூக்கிய எலி, மருந்துக்குப் பின் 10 கிராம் வரை பொறுத்தால் வலி குறைந்ததாகக் கணக்கு.

கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி, நரம்பு முனைகளில் உள்ள சிபி1 என்ற ஏற்பியில், அதாவது வேதிச் செய்தியைப் பெறும் புரதத்தில், ஒட்டுகிறது. உடனே கால்சியம் உள்ளே நுழைவது குறைகிறது. வலிச் செய்தியைக் கடத்தும் குளூட்டமேட்டும் குறைவாகவே வெளியேறுகிறது. நம் உடலே இதற்கென ஆனந்தமைடு போன்ற பொருள்களைத் தயாரிக்கிறது. செய்தியைப் பெறும் செல், அனுப்பும் செல்லிடம் ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல அவற்றைப் பின்னோக்கி அனுப்புகிறது. 2007இல் ஒரு சோதனையில், வலியுணரும் புற நரம்புகளில் மட்டும் சிபி1 இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றில் இவ்வகை மருந்துகளின் வலிநிவாரணம் வெகுவாகக் குறைந்தது. அப்படியானால் மூளைக்குள் போகாத, போதை தராத மருந்தும் வேலை செய்யக்கூடும்.

ஆனால் டிஎச்சி எலியை மந்தமாக்கும், அசையாமல் உறைய வைக்கும், உடல் வெப்பத்தையும் இறக்கும். வலி குறைந்ததால் காலைத் தூக்கவில்லையா, காலைத் தூக்கவே சோம்பலா? சுழலும் உருளைமேல் நடக்கவிட்டு, மந்தத்தால் தடுமாறி விழுகிறதா என்று பார்த்து இதை ஓரளவு பிரித்தறியலாம். அப்போதும் நாம் அளப்பது அனிச்சைச் செயலைத்தான், வேதனையை அல்ல. 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கஞ்சா வகை மருந்துகள் பற்றிய 374 விலங்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வலி தொடர்பான நடத்தை குறைகிறது என்பதே அதன் முடிவு. அதே ஆண்டில் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம், மனிதர்களிடம் போதிய சான்று இல்லை என்று கூறி, வலிக்குக் கஞ்சாவைப் பயன்படுத்துவதை ஆதரிக்க மறுத்தது. சில வாரமே வலியுடன் வாழ்ந்த, பெரும்பாலும் ஆண் எலிகளின் பாத அசைவிலிருந்து, பல ஆண்டுகள் வலியால் சரியாகத் தூங்காத மனிதருக்கு மருந்து தேடினால் வேறென்ன நடக்கும்?

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அங்கே எலியைக் குத்திப் பார்ப்பதோடு நிற்கவில்லை. மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளவும் விட்டார்கள். மருந்து ஏஎம்1241. சிபி1-ஐ விட்டு, போதையோடு தொடர்பில்லாத சிபி2 ஏற்பியையே முக்கியமாகத் தூண்டுவது. நரம்பு சேதப்பட்ட எலிகள், சேதப்படாதவற்றைவிட அதை அதிகமாக எடுத்துக்கொண்டன.