நைட்ரேட்டைக் காற்றடித்து விரட்ட முடியாது

கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியைப் பற்றி எனக்கு வரும் இதே புகார், இந்த வருடத்தில் இது நான்காவது. கும்பகோணம் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி. சுத்திகரித்து வெளியே வரும் தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது, வாடையும் இல்லை. லேப் ரிப்போர்ட்டில் நைட்ரேட் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. உரிமையாளர் தொட்டிக்குள் காற்றடிக்கும் புளோயர் இரண்டாவதாக ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார். கரண்ட் பில்தான் ஏறியது. அப்புறம்தான் எனக்குப் போன்.

"காத்து ஊத ஊத தண்ணி சுத்தமாயிடும்ல சார்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. காற்று தேவைப்படுவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கு. ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ ஆக்சிஜன் கேட்கும். ஆக, உங்கள் நைட்ரேட்டை உண்டாக்கித் தருவதே அந்தப் புளோயர்தான்! நைட்ரேட்டை நீக்குவது வேறு பாக்டீரியாக் கூட்டம். தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்திருக்கும்வரை அது நைட்ரேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆக்சிஜன் தீர்ந்தால்தான் நைட்ரேட்டில் இருப்பதை உருவி எடுக்கும். நைட்ரஜன் வாயுவாகிக் காற்றோடு போய்விடும்.

உரிமையாளருக்குக் கொஞ்சம் நிலமும் உண்டு. "யூரியா போட்ட வயல் காய்ந்து, மறுபடி தண்ணீர் கட்டினால் உரத்தில் ஒரு பங்கு காணாமல் போகிறதே, அதே பாக்டீரியாதான்" என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். வயலில் நஷ்டம், தொட்டியில் லாபம்.

சரி, என்ன செய்தோம்? முதல் தொட்டியில் காற்றை நிறுத்தி, கலக்கி மட்டும் விட்டோம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். காற்றடித்த தொட்டியின் தண்ணீரை பம்ப் வைத்து அந்த முதல் தொட்டிக்கே திருப்பினோம், நைட்ரேட் அதில்தானே இருக்கிறது. பாக்டீரியாவுக்குச் சாப்பாடும் வேண்டுமே. புதிதாக வரும் கழிவுநீரிலேயே அது இருக்கிறது. இவர்கள் சமையலறைத் தண்ணீரைத் தனியாகச் சாக்கடைக்குத் திருப்பி விட்டிருந்தார்கள். எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் தொட்டி ஒன்று வைத்து அதையும் உள்ளே கொண்டுவந்தோம். போதாவிட்டால் வெல்லக் கரைசல், அதுவும் அளந்துதான். கொட்டிவிடாதீர்கள், வெளியே வரும் தண்ணீர் கெட்டுவிடும்.

ஆபரேட்டர் தம்பிகளுக்கு ஒன்று. தண்ணீர் தெளிய விடும் செட்டிலிங் தொட்டியில் ஸ்லட்ஜ், அதாவது அடியில் படிய வேண்டிய கசடு, கட்டி கட்டியாக மிதந்தால் உடனே "பாக்டீரியா செத்துப்போச்சு" என்று பாக்டீரியா பவுடர் பாக்கெட் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் அது சாகவில்லை, தப்பான இடத்தில் வேலை செய்கிறது. நைட்ரஜன் குமிழிதான் ஸ்லட்ஜைத் தூக்குகிறது. அடியில் தேங்கவிடாமல் சீக்கிரம் திருப்பி அனுப்புங்கள். என்ன ஆனாலும் மூடிய தொட்டிக்குள் இறங்கிப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு உயிரை எடுத்துவிடும்.

கழிப்பறையில் ஆசிட்டும் பினாயிலும் குடம் குடமாக ஊற்றுகிறவர்களிடம் என்ன சொல்ல? பாக்டீரியாவையும் கொன்றுவிட்டு என்னையும் கூப்பிடுகிறார்கள்.

விடுதியின் பின்புறம் ஒரு அடிபம்பு இருக்கிறது, தெருவே அதில்தான் தண்ணீர் பிடிக்கிறது. விடுதித் தண்ணீர் நிலத்தில் இறங்கினால் நைட்ரேட் அங்கேயும் போய்ச் சேரலாம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சோதித்துப் பார்க்கும்வரை அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்காதீர்கள் அம்மா. காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.