ரெவனன்ட்: நடைப்பிணம் அன்று, மீளி

காமிக்ஸ் கதைகளிலிருந்து எடுக்கப்பட்ட இருண்ட பழிவாங்கல் படங்களைத் தமிழில் பேசவைப்பவர்கள், ஆங்கிலத்தில் 'ரெவனன்ட்' எனப்படுகிற, செத்தும் மீண்டு வருகிற நாயகனை 'நடைப்பிணம்' என்று அழைப்பதை வழக்கமாக்கிவிட்டார்கள். சென்ற வாரம் நகரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படியொரு படம் ஓடிக்கொண்டிருந்தபோது, அக்காள் மகன் என் அம்மாவிடம் திரும்பி, "ஆயா, நீ பெரிய மாமாவத்தானே நடைப்பிணம்னு சொல்லுவ?" என்று கேட்டான். தறி நின்றுபோன பிறகு, சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வராமல் திண்ணையிலேயே கிடந்த என் அண்ணனை அம்மா அப்படித்தான் சொல்வார். சிறுவனுக்குத் தெரிந்த தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியவில்லை.

'ரெவனன்ட்' பிரெஞ்சுச் சொல். திரும்பி வருதல் என்னும் வினையிலிருந்து பிறந்து, திரும்பி வருபவரைக் குறிப்பது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

நடை, பிணம் என்று பிரித்துப் பார்த்தால் பொருள் சரியாகத்தானே வருகிறது என்பார்கள். தலைமறைவு என்பதைத் தலையை மறைத்தல் என்று யாராவது கொள்கிறோமா? கூட்டுச்சொல்லின் பொருளை வழக்கே தீர்மானிக்கிறது. உயிர் இருந்தும் உயிர்ப்பில்லாதவனே நடைப்பிணம். உயிர் போயும் முனைப்புப் போகாதவனே ரெவனன்ட். போதாக்குறைக்கு, தன் விருப்பம் என்று ஒன்றில்லாத ஜாம்பிக்கும் இதே சொல்லைத்தான் போடுகிறார்கள். தன்னைக் கொன்றவர்கள் யார் யாரென்று மறவாமல் தேடி வருகிறவனையும், எதிர்ப்பட்டவரையெல்லாம் கடிக்கிற வெற்றுடலையும் ஒரே பெயரால் அழைத்தபின், இவ்வகைக் கதையில் மிஞ்சுவது என்ன?

'ஆவி' என்பதும் பொருந்தாது. ஜேம்ஸ் ஓபார் 1989இல் வெளியிடத் தொடங்கிய காமிக்ஸைத் தழுவி அலெக்ஸ் புரோயாஸ் இயக்கிய 'தி குரோ' 1994இல் வெளிவந்தது. காதலியோடு கொல்லப்பட்ட எரிக், ஓராண்டு கழித்துக் கல்லறை மண்ணைக் கிளறிக்கொண்டு எழுகிறான். அவன் உள்ளங்கையைத் துளைத்த குண்டின் ஓட்டை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொள்கிறது. அவனை வழிநடத்தும் காக்கை அடிபட்ட பிறகோ அவன் காயங்கள் ஆறுவதில்லை. உடல் நீங்கிய ஆவிக்கு ஓட்டை ஏது, காயம் ஏது? 'உயிர்த்தெழுந்தவன்' என்றாலோ தமிழர் நினைவுக்கு வருவது ஈஸ்டர். மன்னித்தவருக்குரிய சொல்லைப் பழிவாங்குகிறவனுக்குச் சூட்டுவது முறையன்று.

இந்தக் கதை நமக்குப் புதிதுமன்று. நகரியில் ரயிலேறித் திருத்தணியையும் அரக்கோணத்தையும் கடந்தால் திருவாலங்காடு, அதையடுத்தது பழையனூர். முற்பிறப்பில் தன்னைக் கொன்ற வணிகனை, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திவந்து பழிதீர்த்த நீலியின் ஊர் அது. அவளுடைய சொல்லை நம்பி வணிகனுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபது பேர் வாக்குத் தவறாமல் தீப்பாய்ந்தார்கள் என்பதை இப்பகுதியில் இன்றும் சொல்வார்கள். அவள் பெயரையே பொதுச்சொல்லாக்க எனக்கு ஆசைதான். ஆனால் 'நீலிக் கண்ணீர்' அதைப் பொய்யழுகைக்கு உரியதாக்கிவிட்டது.

ஆகவே 'மீளி' என்கிறேன். கொல்வது கொல்லி, வழிகாட்டுபவர் வழிகாட்டி. அதுபோல மீள்பவர் மீளி. ஆண், பெண் இருபாலுக்கும் பொருந்தும். பழைய இலக்கியத்தில் அது வீரனையும் வலியவனையும் குறித்ததாயிற்றே என்று தமிழாசிரிய நண்பர் ஒருவர் தடுத்தார். அந்த வலிமையும் இவனுக்கு வேண்டியதே. பழிக்காகவே வருபவன் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பழிமீளி' எனலாம்.

கதையை அறிந்து பெயர் வைப்பதும் நமக்குப் புதிதன்று. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. ஆங்கில மூலத்தின் தலைப்பில் எஃகும் நகமும் மட்டுமே உண்டு. மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரியும் என்பதைக் கதையில் படித்தறிந்தவரே 'மாயாவி' என்று சேர்த்திருக்க முடியும்.